மண் குடிக்கும் புகை

குன்னூர் தேயிலை ஏலத்துக்கு வரும் மாதிரிகளை வரிசையாக வடித்து வைத்து, கரண்டியால் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சிப் பார்க்கும் டேஸ்டர்களின் பேச்சில் ‘ஸ்மோக்கி’ என்றால் அது குறை. தொழிற்சாலையில் டிரையருக்குச் சூடான காற்று மட்டும்தான் போக வேண்டும். விறகு எரியும் புகை தனிவழியாகப் புகைபோக்கிக்குப் போய்விட வேண்டும். இடையில் எங்கோ குழாய் ஓட்டையாகிப் புகை காற்றோடு கலந்துவிட்டது, அது இலையில் ஏறிவிட்டது என்பதே அந்தச் சொல்லுக்குப் பொருள். சரக்கின் விலை இறங்கிவிடும். அடுப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டிய வேலையும் வந்து சேரும்.

சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில், வூயி மலைத்தொடரின் உள்மடிப்பில் இருக்கும் தோங்மு என்ற ஊரில் கதை நேர்மாறு. அங்கே பைன் விறகை வேண்டுமென்றே புகையவிட்டு, அந்தப் புகைக்கு மேலே இலையைப் பரப்பிக் காய வைக்கிறார்கள். சீனர்கள் ‘ஜெங்ஷான் ஷியாவ்ஜோங்’ என்றும், உலகச் சந்தை ‘லாப்சாங் சூஷாங்’ என்றும் அழைக்கும் கருந்தேயிலை இதுதான். பொட்டலத்தைப் பிரித்தால் விறகடுப்பு எரியும் சமையலறைக்குள் நுழைந்தது போல் மூக்கில் ஏறும். பிடித்தவர்களுக்கு இதைவிட்டால் வேறு தேநீர் இல்லை. பிடிக்காதவர்கள் முதல் மடக்கிலேயே கோப்பையைக் கீழே வைத்துவிடுவார்கள்.

பிடித்தவர்களிலும் ஒரு பிரிவினர் இதற்கென்றே ஒரு மண் கெண்டியை ஒதுக்கி வைக்கிறார்கள். வேறு எந்தத் தேயிலையும் அதற்குள் விழக் கூடாது, சோப்பு படக் கூடாது. ஆண்டுகள் போகப் போக அந்தக் கெண்டி தேநீரைத் தனக்குள் இழுத்துச் சேர்த்துக்கொள்ளும் என்று நம்புகிறார்கள். நன்றாகப் பழகிய கெண்டியில் இலையே போடாமல் வெந்நீரை ஊற்றினாலும் தேநீர் இறங்கும் என்பது வரை கதைகள் உண்டு. இதில் எவ்வளவு வேதியியல், எவ்வளவு கதை என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். அதற்கு முதலில் புகையையும் பிறகு மண்ணையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பைன் புகையில் என்ன இருக்கிறது?

வூயி மலைத் தேயிலை ஐரோப்பாவுக்குப் புதியதல்ல. 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே டச்சு, ஆங்கிலக் கப்பல்கள் அதை ஏற்றிக்கொண்டு போயின. வூயி என்ற பெயரே ஆங்கிலேயர் வாயில் ‘போஹி’ ஆனது. 1773-ல் பாஸ்டன் துறைமுகத்தில் குடியேற்றவாசிகள் கடலில் கொட்டிய 340 பெட்டிகளில் 240 பெட்டிகள் போஹி, 10 பெட்டிகள் சூஷாங். அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் பச்சைத் தேயிலையும் கருந்தேயிலையும் வெவ்வேறு செடிகளிலிருந்து வருகின்றன என்றே நினைத்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சீன உடையில் உள்நாட்டுக்குள் நுழைந்த ராபர்ட் ஃபார்ச்சூன் 1849-ல் வூயி மலை வரை போனார். செடி ஒன்றுதான், பக்குவம்தான் வேறு என்பதை மேற்குலகுக்கு உறுதிப்படுத்தியவர்களில் அவர் முக்கியமானவர்.

இலையைப் புகைக்கும் பழக்கம் எப்படி வந்தது என்பதற்கு ஊரில் ஒரு கதை சொல்வார்கள். மிங் ஆட்சி முடிந்து சிங் ஆட்சி தொடங்கும் காலத்தில் ஒரு படை வந்து தேயிலைக் கொட்டகையில் தங்கிவிட்டதாம். படை கிளம்புவதற்குள் பறித்த இலை சிவந்துபோக, அவசரத்துக்கு பைன் விறகை மூட்டி உலர்த்தினார்களாம். கதை உண்மையோ பொய்யோ, காரணம் அந்த இடத்தின் வானிலையிலேயே இருக்கிறது. தோங்முவில் வசந்தகாலம் என்பது மழையும் மூடுபனியும். பறித்த இலையை வெயிலில் வாட்டலாம் என்று காத்திருந்தால் அழுகிவிடும். தீ மூட்டித்தான் ஆக வேண்டும், கைக்கெட்டும் விறகு பைன்.

அதற்காக அவர்கள் கட்டியிருக்கும் மரக்கட்டடம் நேரில் பார்க்க வேண்டிய ஒன்று. வெளியே அடுப்பில் விறகு எரியும். சூடும் புகையும் தரைக்கடியில் உள்ள வாய்க்கால்கள் வழியாகக் கீழ்த்தளத்துக்குள் வந்து, செங்கல் இடுக்குகளில் கசிந்து மேலேறும். கீழ்த்தளத்தில் மூங்கில் சல்லடைகளில், உருட்டிச் சிவந்த இலை காயும். மேல்தளங்களின் தரை பலகையால் அடைக்கப்பட்டதல்ல. இடைவெளி விட்டு அடித்த மரச்சட்டங்கள், அவற்றின்மேல் மூங்கில் பாய்கள், பாய்களின்மேல் அன்று பறித்த பச்சை இலை. கீழே ஒரு நாள் இலையை உலர்த்தும் அதே சூடு மேலே அடுத்த நாள் இலையை வாட்டிவிடுகிறது. விறகு வீணாவதில்லை. இலையோ இரண்டு முறை புகை குடிக்கிறது: பச்சையாக வாடும்போது ஒரு முறை, கடைசியில் காயும்போது ஒரு முறை. ஈரமான பரப்பு புகையின் ஆவிகளை வேகமாகக் கரைத்துப் பிடித்துக்கொள்ளும். மீனைப் புகைபோடும் தொழிலிலும் இதைக் கவனித்திருக்கிறார்கள்.

இரண்டு புகைக்கும் நடுவில் வழக்கமான கருந்தேயிலைப் பக்குவம் நடக்கிறது. வாடிய இலையை உருட்டும்போது செல்கள் நசுங்கி, உள்ளிருக்கும் நொதிகளும் கேட்டச்சின்களும் காற்றோடு சேர்ந்து வினைபுரிகின்றன. தியாஃப்ளேவின், தியாரூபிஜின் என்ற சிவந்த சேர்மங்கள் உருவாகின்றன. நீலகிரித் தேயிலைக்கும் இதே வேதியியல்தான்.

வித்தியாசம் மரத்தில் தொடங்குகிறது. மரத்துக்கு விறைப்பைத் தருவது லிக்னின். காற்று போதாமல் மரம் கனன்று புகையும்போது லிக்னின் உடைந்து சிறுசிறு ஃபீனால்களாகிறது. மா, வேம்பு போன்ற அகன்ற இலை மரங்களின் லிக்னின் இரண்டு வகைத் துண்டுகளால் ஆனது. எரித்தால் குவாயகாலும் சிரிங்காலும் சேர்ந்து வரும். பைன் போன்ற ஊசியிலை மரங்களின் லிக்னினில் ஏறக்குறைய ஒரே வகைதான். அதனால் பைன் புகையில் குவாயகாலும் அதன் உறவினர்களுமே ஆட்சி செய்கின்றன. வறுத்த காபிக்கொட்டையின் மணத்திலும் குவாயகால் இருக்கிறது.

இதோடு பைன் மரத்தின் பிசினும் சேர்கிறது. லாப்சாங் சூஷாங்கின் மணப்பொருள்களைப் பிரித்துப் பார்த்த ஆய்வுகளில் முன்வரிசையில் வந்தவை லாங்கிஃபோலின், ஆல்ஃபா டெர்பினியால் என்ற இரண்டு. லாங்கிஃபோலின் பைன் பிசினுக்கே உரிய பொருள். ஆக, இந்தத் தேநீரில் மூக்கு பிடிப்பது வெறும் விறகுப் புகையை மட்டுமல்ல, பிசின் வடியும் மரத்தின் வாடையையும் சேர்த்துத்தான். இந்த இரண்டு கூட்டங்களுக்கும் நடத்தையில் ஒரு வேறுபாடு உண்டு. குவாயகால் தண்ணீரில் ஓரளவு நன்றாகவே கரையும். லாங்கிஃபோலினுக்குத் தண்ணீர் ஆகாது. எண்ணெய்ப் பசையுள்ள பரப்பு எது கிடைத்தாலும் அதில் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். மண் கெண்டியின் கதையில் இந்த வேறுபாடு மறுபடி தலைகாட்டும்.

சக்கரம் சுற்றாத குயவர்கள்

கெண்டியின் ஊர் வேறு. ஜியாங்சு மாகாணத்தில், தாய்ஹூ ஏரியின் மேற்குக் கரையில் இருக்கும் யிஷிங் நகரம். அங்குள்ள ஹுவாங்லோங் மலையில் கிடைக்கும் ‘ஜிஷா’ மண் இரும்பு மிகுந்தது. குவார்ட்ஸ், மைக்கா, கயோலினைட் ஆகியவற்றோடு ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடும் கலந்திருப்பதால் சூளையில் சுட்டபின் ஊதா, செங்காவி, மஞ்சள்பழுப்பு என்று நிறம் மாறுகிறது.

சீனாவில் கெண்டி வந்ததற்கே ஓர் அரசாணை காரணம். அதுவரை அரசருக்குத் திறையாகப் போன உயர்ந்த தேயிலை, அழுத்திச் செய்த கட்டிகளாக இருந்தது. பொடித்து வெந்நீரில் அடித்துக் குடிப்பார்கள். மிங் வம்சத்தை நிறுவிய ஹோங்வூ பேரரசர் 1391-ல் கட்டித் தேயிலைத் திறையை நிறுத்தினார். உதிரி இலையை வெந்நீரில் ஊறவைத்து வடிக்கும் முறை பரவியது. ஊறவைக்க மூடியும் மூக்கும் உள்ள பாத்திரம் வேண்டியிருந்தது. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோங் சுன் என்ற வேலைக்காரர், கோவில் துறவி ஒருவர் மண் பிசைவதைப் பார்த்துக் கற்று முதல் யிஷிங் கெண்டியைச் செய்தார் என்பது மரபு. 17-ஆம் நூற்றாண்டில் தேயிலைப் பெட்டிகளோடு சேர்ந்து இந்தக் கெண்டிகளும் ஐரோப்பா போயின. டெல்ஃப்ட் நகரக் குயவர்கள் அவற்றைப் பார்த்துச் சிவப்புக் கெண்டிகள் செய்தார்கள். ஜெர்மனியில் வெள்ளைப் பீங்கானின் ரகசியத்தைக் கண்டறிந்த பாட்கரும் அதற்குமுன் சிவப்பு மண்கலத்தில்தான் கைப்பழக்கம் பெற்றார்.

யிஷிங் குயவர்கள் கெண்டியைச் சக்கரத்தில் வனைவதில்லை. மண்ணை வெட்டியெடுத்து வெயிலிலும் மழையிலும் போட்டு உதிரவிட்டு, அரைத்துச் சலித்து, நீர் சேர்த்துப் பிசைந்து மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், ஊறப்போடுவார்கள். பிறகு மரச்சுத்தியால் தட்டித் தட்டித் தகடாக்கி, பட்டையாக வெட்டி வளைத்து உருளையாக்கி, உள்ளே விரலை வைத்து வெளியே மரத்தட்டையால் அடித்து வயிற்றை உருட்டிக்கொண்டுவருவார்கள். கடைசியில் வளையும் தன்மையுள்ள மாட்டுக்கொம்புத் தகடு ஒன்றால் வெளிப்பக்கத்தை நீவுவார்கள். நீவ நீவ, பெரிய மணல்துகள்கள் உள்ளே அழுந்தி நுண்ணிய களி மேலே வரும். அதனால்தான் நல்ல யிஷிங் கெண்டியின் வெளிப்புறம் கைக்கு வழவழப்பாகவும், உள்பக்கம் விரலுக்குச் சற்றுச் சொரசொரப்பாகவும் இருக்கிறது. கண்ணாடிப் பூச்சு எதுவும் கிடையாது.

இந்தக் கெண்டி சுமார் 1100 முதல் 1200 டிகிரி செல்சியஸ் வரை சுடப்படுகிறது. அந்தச் சூட்டில் துகள்கள் ஓரங்களில் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஆனாலும் முழுக்கக் கண்ணாடியாகிவிடுவதில்லை. துகள்கூட்டங்களுக்குள் மூடிய நுண்துளைகளும், கூட்டங்களுக்கு நடுவே ஒன்றுக்கொன்று தொடர்புள்ள திறந்த துளைகளும் எஞ்சுகின்றன. தண்ணீர் வெளியே கசியாது. ஆனால் சுவரின் மேற்பரப்புக்குள் சிறிது நுழைந்து திரும்பும். பீங்கானுக்கும் இதற்கும் உள்ள முக்கிய வேறுபாடு இந்தத் திறந்த துளைகள்தான்.

பழக்குவது எதற்காக?

புது மண்சட்டி வாங்கினால் அரிசி கழுவிய தண்ணீரையோ கஞ்சியையோ ஊற்றி வைத்து, கொதிக்கவிட்டுப் பழக்குவது தமிழ் வீடுகளின் வழக்கம். அங்கே நோக்கம் துளையை அடைப்பது. குறைந்த சூட்டில் வெந்த சட்டியின் துளைகளில் மாவுச்சத்து புகுந்து, சூட்டில் களியாகிக் கசிவைக் குறைக்கிறது. யிஷிங் கெண்டி கசியாது. எனவே அதற்குக் கஞ்சி தேவையில்லை, சொல்லப்போனால் கெடுதல். அங்கே பழக்குவதன் நோக்கங்கள் மூன்று: சூளைத் தூசியையும் மண்வாடையையும் வெளியேற்றுவது, கெண்டிக்குக் கொதிநீர்ச் சூட்டைச் சீராகக் காட்டுவது, துளைகளின் வாயில் முதல் தேநீர்ப் படலத்தைப் படியவைப்பது.

செய்முறையில் மர்மம் எதுவும் இல்லை. முதலில் கெண்டியை வெதுவெதுப்பான நீரில் அலசி, மூக்கின் உட்புறத் துளைகளில் ஒட்டியிருக்கும் மண்துகளை மெல்லிய தூரிகையால் தட்டிவிட வேண்டும். எண்ணெய் படாத ஒரு பாத்திரத்தின் அடியில் துணியை மடித்துப் போட்டு, கெண்டியையும் மூடியையும் தனித்தனியாக வைத்து, மூழ்கும்வரை பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டும். துணி இல்லாவிட்டால் நீர் கொதிக்கும்போது கெண்டி அடியில் தட்டி விளிம்பு தெறித்துவிடும். சிறுதீயில் மெல்லச் சூடேற்றி, தளதளவென்று கொதிக்கவிடாமல் அரைமணி நேரம் வைத்து, அந்தத் தண்ணீரிலேயே ஆறவிட வேண்டும். குளிர்ந்த கெண்டியைக் கொதிநீரில் போட்டால் வெளிப்பக்கம் முதலில் விரியும், உட்பக்கம் பின்தங்கும். அந்த இழுபறியில் மயிரிழை விரிசல் விழலாம். சூளையில் மிக அதிகமாகச் சுருங்கும் ‘ஜூனி’ என்ற செம்மண் வகைக்கு இந்த ஆபத்து கூடுதல்.

பிறகு புதுத் தண்ணீர். இந்த முறை, எந்தத் தேநீருக்காகக் கெண்டியை ஒதுக்கப்போகிறோமோ அந்தத் தேயிலையில் ஒரு கைப்பிடி. லாப்சாங் சூஷாங் என்றால் வீடு முழுக்கப் புகைவாடை எழும். சன்னலைத் திறந்து வைப்பது நல்லது. மீண்டும் அரைமணி நேரம் இளஞ்சூடு, மீண்டும் அதிலேயே ஆறவிடுதல். எடுத்து வெறும் வெந்நீரில் அலசி, மூடியைக் கழற்றி வைத்துக் காற்றில் முழுக்க உலர்த்த வேண்டும்.

தோஃபுவையும் கரும்பையும் போட்டுக் கொதிக்கவைக்கும் வழக்கமும் சீனாவில் உண்டு. தோஃபு சூளையின் ‘சூட்டை’த் தணிக்கும், கரும்பு இனிமை தரும் என்பது நம்பிக்கை. புரதமும் சர்க்கரையும் துளைகளுக்குள் தங்கினால் பூஞ்சைக்குத்தான் கொண்டாட்டம். சோப்பு வேண்டாம் என்ற விதிக்கு மட்டும் வலுவான காரணம் இருக்கிறது. சோப்பு மூலக்கூறுகளும் துளைக்குள் போகும், அடுத்த வெந்நீரில் வெளியே வரும். கூடவே படிந்த படலத்தையும் கரைத்துக்கொண்டு போகும்.

வாங்கும்போதே எச்சரிக்கை வேண்டும். ஹுவாங்லோங் மலையின் சுரங்கங்கள் 2000-களில் மூடப்பட்ட பிறகு அசல் மண்ணின் விலை எகிறியது, போலிகளும் பெருகின. சாதாரணக் களிமண்ணில் மாங்கனீஸ் டைஆக்சைடு போன்ற நிறமிகளைக் கலந்து ‘பழைய ஊதாமண்’ என்று விற்பதை 2010-ல் சீன அரசுத் தொலைக்காட்சி அம்பலப்படுத்தியது. புதுக் கெண்டியில் வெந்நீரை ஊற்றி முகர்ந்தால் மண்வாடை மட்டும் வர வேண்டும். மெழுகோ ஷூ பாலிஷோ போல அடித்தால் யாரோ அதைச் செயற்கையாகப் பளபளக்க வைத்திருக்கிறார்கள்.

படலமும் துளையும்

பழக்கிய கெண்டி நாள்பட நாள்பட மங்கிய பளபளப்பு பெறுகிறது. தேநீரின் கேட்டச்சின், தியாஃப்ளேவின் போன்ற பாலிஃபீனால்களுக்கும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளுக்கும் இயல்பாகவே ஒட்டுறவு அதிகம். கடுக்காய்ச் சாற்றையும் இரும்புத் துருவையும் சேர்த்துக் கலம்காரித் துணியில் கறுப்பைப் பிடிக்கவைப்பதும் இதே குடும்பத்து வேதியியல்தான். ஹெமடைட் நிறைந்த கெண்டிச் சுவரில் பாலிஃபீனால்கள் ஒட்டுகின்றன. காற்றுப்பட்டு ஒன்றோடொன்று பிணைந்து பெரிய மூலக்கூறுகளாகின்றன. அவற்றின்மேல் அடுத்த நாளின் தேநீர் படிகிறது.

தண்ணீருக்கும் இதில் பங்குண்டு. ஆறிய தேநீரின்மேல் படரும் எண்ணெய் போன்ற ஆடையை லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மைக்கேல் ஸ்பைரோவும் ஜகன்யியும் ஆராய்ந்து 1993-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். தண்ணீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் இருந்தால்தான் அந்த ஆடை உருவாகிறது. கடினத்தன்மை நீக்கிய நீரில் உருவாவதில்லை. எலுமிச்சைச் சாறு விட்டால் மறைந்துவிடுகிறது. உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் தேநீர் போடுபவரின் கெண்டியில் கறை வேகமாகப் படிவதற்கும், அது பளபளப்பாக இல்லாமல் பொருக்குத் தட்டிப்போவதற்கும் இதில் விளக்கம் இருக்கிறது.

இப்போது கணக்கு. 150 மில்லி கொள்ளும் உருண்டைக் கெண்டியின் உட்பரப்பு சுமார் 140 சதுர சென்டிமீட்டர். அதில் ஒரு மைக்ரான் தடிமனுக்குப் படலம் படிந்திருப்பதாக வைத்துக்கொண்டால் அதன் மொத்த எடை 15, 20 மில்லிகிராம்தான் தேறும். வழக்கமான ஒரு லிட்டர் தேநீரில் கரைந்திருப்பது ஏறக்குறைய 3 கிராம். 150 மில்லிக்கு 450 மில்லிகிராம். படலம் முழுவதும் ஒரே நாளில் கரைந்து வெளியே வந்தாலும் தேவையானதில் இருபதில் ஒரு பங்குகூட ஆகாது. படலமோ எளிதில் கரையாத பெருமூலக்கூறுகளால் ஆனது. வெந்நீரை மட்டும் ஊற்றித் தேநீர் குடிக்கும் கதை இந்த இடத்தில் விழுந்துவிடுகிறது. நிறத்துக்கும் துவர்ப்புக்கும் மில்லிகிராம்கள் வேண்டும், கெண்டியிடம் அவ்வளவு கையிருப்பு இல்லை.

ஆனால் மணம் மில்லிகிராமில் நடக்கும் வியாபாரமல்ல. குவாயகாலை மனித மூக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் சில மைக்ரோகிராம் இருந்தாலே பிடித்துவிடும். 150 மில்லி வெந்நீரில் புகைவாடை எழ ஒன்றிரண்டு மைக்ரோகிராம் போதும். மேலே சொன்ன படலத்தின் எடையில் அது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. தண்ணீரை வெறுக்கும் லாங்கிஃபோலினும் அதன் கூட்டமும் இந்தப் படலத்தில் ஒட்டிக்கொண்டு, அலசும்போது போகாமல், அடுத்த கொதிநீரின் சூட்டில் ஆவியாகி மூக்கைத் தொடுகின்றன. ஆகவே ‘கெண்டி நினைவில் வைத்துக்கொள்கிறது’ என்ற பேச்சு சுவை விஷயத்தில் மிகை, புகைமணத்தில் மெய். மென்மையான பச்சைத் தேயிலைக்குக் கெண்டி ஒதுக்கிய ஒருவரால் அந்த வேறுபாட்டைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கண்டுபிடிக்க முடியுமா என்பது சந்தேகம். லாப்சாங் சூஷாங் கெண்டியில் அதே பச்சைத் தேயிலையைப் போட்டால் எவரும் கண்டுபிடித்துவிடுவார்.

கொதிநீரும் நேரமும்

கெண்டியால் சுவை மாறுகிறது என்று பலர் உணர்வதற்குத் துளையைவிடப் பெரிய காரணம் வெப்பம். 200 கிராம் எடையுள்ள கெண்டி, அறைவெப்பம் 25 டிகிரி. அதில் 150 மில்லி கொதிநீரை ஊற்றினால், இரண்டும் ஒரே சூட்டுக்கு வரும்போது தண்ணீர் 83 டிகிரிக்கு இறங்கியிருக்கும். முதலில் வெந்நீர் ஊற்றிக் கெண்டியை 80 டிகிரிக்குக் கொண்டுவந்து, அதைக் கொட்டிவிட்டுப் பிறகு கொதிநீர் ஊற்றினால் 95 டிகிரியில் நிற்கும். கருந்தேயிலைக்கு இந்த 12 டிகிரி பெரிய விஷயம். குறைந்த சூட்டில் அதன் திடமும் நிறமும் மெதுவாகத்தான் இறங்கும். உதகை உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் கெண்டியைச் சூடாக்குவது அங்கே இன்னும் அவசியம்.

சூடாக்கிய 150 மில்லி கெண்டிக்கு 4, 5 கிராம் இலை போதும். கொதிநீர் ஊற்றி, பத்து நொடி போல வைத்து முழுக்க வடித்துவிட வேண்டும். கெண்டிக்குள் மிச்சம் நின்றால் துவர்ப்பு ஏறும். அடுத்தடுத்த வடிப்புகளுக்கு நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். முதல் கோப்பையில் புகை முன்னால் நிற்கும். புகைப்பொருள்கள் பெரும்பாலும் இலையின் மேற்பரப்பில் படிந்தவை என்பதால் அவையே முதலில் கழன்று வருகின்றன. மூன்றாவது, நான்காவது வடிப்பில் புகை பின்வாங்கி, அடியிலிருந்த இனிப்பு மேலே வரும். நல்ல தோங்மு இலையில் அந்த இனிப்பு உலர்ந்த லாங்கன் பழத்தை ஒத்திருக்கும் என்று சீனர்கள் சொல்வார்கள். மலிவான சரக்கில் புகை போனபின் எதுவும் மிஞ்சாது. சாதாரணக் கோப்பைக்காரர்களுக்கு 200 மில்லிக்கு இரண்டு, இரண்டரை கிராம், மூன்று நிமிடம். பால் வேண்டாம், பாலின் புரதமும் கொழுப்பும் துளைக்குள் புகுந்தால் கெண்டி கெட்டுவிடும்.

குடித்து முடித்ததும் இலையை உடனே கொட்டி, வெந்நீரில் அலசி, மூடியைத் திறந்து வைக்க வேண்டும். ஈர இலையை இரவு முழுக்க உள்ளே விட்டுவைத்தால் கெண்டி ‘ஊறும்’ என்று சிலர் சொல்வதுண்டு. ஊறுவது பூஞ்சைதான்.

புகை என்றால் உடல்நலக் கேள்வியும் வரும். மரப்புகையில் பல வளையங்கள் கொண்ட ஹைட்ரோகார்பன்கள் உண்டு. அவை தண்ணீரில் மிகக் குறைவாகவே கரைவதால் பெரும்பகுதி இலையோடு தங்கிவிடுகிறது, கோப்பைக்கு வருவது சிறுபங்கு. ஐரோப்பாவில் இந்தத் தேயிலைக்கு முட்டுக்கட்டையாக வந்தது வேறு ஒரு பொருள், ஆந்த்ராகுவினோன். விதைகளைப் பறவைகள் கொத்தாமலிருக்கப் பூசிய மருந்து என்ற கணக்கில் அதற்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டு, தேயிலையில் கிலோவுக்கு 0.02 மில்லிகிராம் என்ற உச்சவரம்பை வைத்தது. அதே பொருள் மரப்புகையிலும் உருவாகிறது என்பதால் மரபுமுறையில் புகைத்த சரக்கு அந்த வரம்பில் மாட்டிக்கொண்டது.

தோங்முவிலும் காலம் மாறிவிட்டது. ஊர் இயற்கைக் காப்பகத்துக்குள் இருப்பதால் மரம் வெட்ட முடியாது. வூயி மலை 1999-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானபின் கட்டுப்பாடு இன்னும் இறுகியது. 2005-ல் அதே ஊரில், மொட்டுக்களை மட்டும் பறித்துப் புகையே காட்டாமல் செய்த ‘ஜின் ஜுன் மெய்’ என்ற கருந்தேயிலை பிறந்தது. சீனப் பணக்காரர்களிடையே அது பிடித்த வேகத்தில் பலரும் புகைபோடாத வகைகளுக்குத் தாவிவிட்டார்கள். இன்று தோங்முவில் செய்யப்படும் ஷியாவ்ஜோங்கில் பெரும்பகுதி புகையில்லாதது. வெளிநாட்டு அலமாரிகளில் கிடைக்கும் கடும்புகை லாப்சாங்கில் பெரும்பாலானது தோங்முவுக்கு வெளியே செய்யப்பட்டது.

வாங்கும் தேயிலை எந்த வகை என்று சரிபார்க்க மண் கெண்டி உதவாது. தேநீர் சோதனைக்கென்று 1980-ல் வந்த ஐஎஸ்ஓ 3103 என்ற சர்வதேசத் தரநிலை, பாத்திரம் வெள்ளைப் பீங்கானாகவோ கண்ணாடிப் பூச்சுள்ள மண்கலமாகவோ இருக்க வேண்டும், 100 மில்லிக்கு 2 கிராம் இலை, 6 நிமிட ஊறல் என்று வரையறுக்கிறது. முந்தைய மாதிரியின் சுவடு அடுத்ததில் கலந்துவிடக் கூடாது என்றால் பூச்சுள்ள பாத்திரம்தான் வசதி. குன்னூர் டேஸ்டர்களின் மேசையில் இருப்பதும் வெள்ளைப் பீங்கான்தான். புதிதாக ஒரு பொட்டலம் லாப்சாங் வாங்குபவர் முதலில் பீங்கானில் போட்டு நான்கு வடிப்பு குடித்துப் பார்க்கலாம். புகை அடங்கியபின்னும் நாவில் இனிப்பு நின்றால் அந்தத் தேயிலைக்கு ஒரு கெண்டியை ஒதுக்கலாம். இல்லாவிட்டால் கெண்டி இன்னொரு பொட்டலத்துக்குக் காத்திருக்கட்டும். ஒரு முறை ஏறிய புகையை இறக்குவது கடினம்.